மலைச் சாலையில் மிதிவண்டி

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் செல்லும் சாலை காவலூரை அடைகிறது. அங்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பேருந்தில் செல்பவருக்கு இது ஒரு சாதாரணப் பயணம். நண்பர்களுடன் சைக்கிளில் செல்பவருக்கோ ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனை. இந்தச் சோதனையில் அடங்கிய இயற்பியலைச் சிறிது காண்போம்.

எவ்வளவு வேலை?

கணக்குக்காக, ஏற வேண்டிய உயரம் 400 மீட்டர் என்றும், சாலை 20 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயர்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் சாலையின் நீளம் 8 கிலோமீட்டர். ஓட்டுபவரின் எடை 60 கிலோ, வண்டி 20 கிலோ, மொத்தம் 80 கிலோ. இதை 400 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 80 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 3,14,000 ஜூல். டயரின் உருளல் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தால் இது சுமார் 3,70,000 ஜூல் ஆகும்.

இதை ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்க, கால்கள் இடைவிடாமல் 100 வாட் திறனைத் தர வேண்டும். நம் தசைகளோ உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உடல் செலவிடுவது சுமார் 350 கிலோ கலோரி. இம்மலையில் விளையும் சாமையின் அரிசி 100 கிராம் ஏறத்தாழ இவ்வளவு ஆற்றலைத் தரும்.

மீதி முக்கால் பங்கு எங்கே போகிறது? வெப்பமாகிறது. அதை வெளியேற்ற, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எனவே உண்மையில் நாம் இழக்கும் நீர் இதைவிட அதிகம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது நீர் பருக வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

‘மேலே காற்று குறைவு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது’ என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியன்று. 725 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 8 விழுக்காடுதான் குறைகிறது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் காற்றன்று, சரிவு.

பற்சக்கரத்தின் பேரம்

சாதாரண சைக்கிள் ஒன்றில் முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5.9 மீட்டர் நகரும். ஆனால் பாதம் செல்லும் வட்டத்தின் சுற்றளவு 1.07 மீட்டர்தான். எனவே சாலையில் தேவைப்படும் விசையைப் போல் ஐந்தரை மடங்கைக் கால் தர வேண்டும். 12-க்கு 1 என்ற கடுமையான ஏற்றத்தில் இது சராசரியாக 39 கிலோ எடைக்குச் சமம். மேலும், பெடல் வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் மிதித்துப் பயனில்லை. நடுப்பகுதியில்தான் விசை வேலை செய்கிறது. அங்கே தேவைப்படுவது 60 கிலோவையும் தாண்டிவிடும்! ஓட்டுபவரின் முழு எடையும் போதவில்லை. இருக்கையை விட்டு எழுந்து, கைப்பிடியை இழுத்து மிதிக்கிறோமே, அதன் இரகசியம் இதுதான்.

முன்னும் பின்னும் 28 பற்கள் உள்ள கியர் வண்டியில், அதே ஏற்றத்துக்குச் சராசரியாக 15 கிலோ எடையளவு விசை போதும். ஆனால் 8 கிலோமீட்டருக்கு 1,360 சுற்றுகளுக்குப் பதில் 3,600-க்கு மேற்பட்ட சுற்றுகள் மிதிக்க வேண்டும். விசையில் லாபம், தூரத்தில் நட்டம். மொத்த வேலையில் மாற்றமில்லை. மலைச் சாலையை வளைத்து வளைத்துப் போட்டிருப்பதும் இதே பேரம்தான்.

குழுவின் வேகம்

சமவெளியில் வரிசையாகச் செல்லும்போது, முன்னால் செல்பவர் காற்றைப் பிளந்து வழிவிடுகிறார். பின்னால் வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறைகிறது. ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது அது 2 நியூட்டனுக்கும் குறைவு. புவியீர்ப்பின் இழுப்போ 20-க்கு 1 ஏற்றத்தில் 39 நியூட்டன். முன்னால் செல்லும் நண்பர் காற்றைத் தடுக்கலாம், நம் எடையைத் தூக்க முடியாது. ஆகவே மலையேற்றத்தில் வலியவரின் வேகத்தை மெலியவர் பின்பற்ற முயல்வது வீண். அவரவர் வேகத்தில் ஏறி, குறித்த இடங்களில் காத்திருந்து சேர்ந்துகொள்வதே அறிவுடைமை. இறங்கித் தள்ளுவதும் தோல்வியன்று. உயரம் ஒன்றே, தேவையான ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. நேரம் கூடுவதால் திறன்தான் குறைகிறது.

இறக்கத்தில்தான் ஆபத்து

ஏறும்போது சேர்த்த 3,14,000 ஜூல் நிலையாற்றல் இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் பெரும்பகுதியைப் பிரேக் கட்டைகளும் சக்கர விளிம்பும் வெப்பமாக ஏற்க வேண்டும். பிரேக்கைத் தொடாவிட்டாலோ, 20-க்கு 1 சரிவிலேயே வண்டி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது.

இப்போது 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது. வண்டியை வளைவில் நிறுத்தி வைப்பது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்றால், அதிகபட்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். மணல் சிதறிக் கிடந்து அது 0.3 ஆகக் குறைந்தால், 20 கிலோமீட்டர் கூட ஆகாது. இக்கணக்கில் ஓட்டுபவரின் எடை வருவதே இல்லை. ஒல்லியானவரும் பருமனானவரும் ஒரே வேகத்தில்தான் சறுக்குவார்கள். திறமைசாலிக்கென்று தனிச் சலுகையும் இல்லை.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். ஏனெனில் வளைவுக்குள் பிரேக் பிடித்தால், திரும்புவதற்கு வேண்டிய உராய்வில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். மழையில் நனைந்த விளிம்பில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும் என்பதால், இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். குழுவாக வருவோர் நெருங்கி வரலாகாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், கை பிரேக்கை எட்டும் ஒரு நொடிக்குள் வண்டி 10 மீட்டர் ஓடிவிடும்.

ஏற்றத்தில் கணக்குத் தவறினால் கால் வலிக்கும், அவ்வளவே. இறக்கத்தில் தவறினால் உயிருக்கே கேடு. எனவே புறப்படுமுன் டயரில் காற்றடிப்பவர்கள் பிரேக் கட்டைகளையும் ஒருமுறை தேய்மானம் பார்த்துக்கொள்ளட்டும். தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் புறப்படட்டும்.