கொடியும் கொழுகொம்பும்

அறிஞர் ஒருவர் அரிதின் முயன்று கண்ட உண்மை அவர் உள்ளத்திலேயே அடங்கிவிடின், அவரோடு அதுவும் மறைந்தொழியும். நூலாகிப் பலர் கைக்குச் சென்றாலன்றி அஃது உலகிற்குப் பயன்படாது. அதனை உலகிற்கு வழங்குவோரே பதிப்பாளர். அவர்தம் பணியின் அருமையை எல்சிவியர் பதிப்பகத்தின் வரலாற்றால் அறியலாம்.

நெதர்லாந்து நாட்டின் இலெய்டன் நகரில் 1575ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றிற்று. நூல் கட்டும் தொழில் வல்ல லூயி எல்சிவியர் என்பார் 1580இல் அந்நகரில் குடியேறிப் புத்தக வாணிகம் தொடங்கினார். 1583இல் தம் முதல் நூலை வெளியிட்டார். அவர் வழிவந்தோர் 1620 முதல் தம் நூல்களில் ஒரு முத்திரையைப் பொறித்தனர். மரம் ஒன்று, அதனைத் தழுவிப் படரும் திராட்சைக் கொடி, அருகே ஒரு முதியவர். ‘தனித்தன்று’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரும் அதில் உண்டு. கொடிக்கு மரம் துணையாதல்போல அறிஞர்க்குப் பதிப்பாளர் துணையாவர் என்று அதற்குக் கருத்துக் கூறுவர்.

அத்துணையின் பெருமையைக் கலிலியோவின் வாழ்வு காட்டும். பூமி கதிரவனைச் சுற்றுகின்றது என்னும் கொள்கையை ஆதரித்தமைக்காக, 1633இல் உரோம் நகரத்துச் சமய நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவர் நூல்களை வெளியிடவும் தடை விதிக்கப்பட்டது. முதுமை வாட்டியது; கண்ணொளியும் மங்கியது. எனினும் அவர் சோர்ந்திலர். பொருள்களின் இயக்கத்தையும் வலிமையையும் பற்றிய தம் ஆராய்ச்சிகளை ஒரு நூலாக எழுதினார். எல்சிவியர் குடும்பத்தாருள் ஒருவர் 1636இல் அவரை நேரிற் சென்று கண்டார். கையெழுத்துப்படி நாடு கடந்து இலெய்டன் நகரை அடைந்தது. 1638இல் நூலாக வெளிவந்தது. அந்நூல் கைக்கு எட்டியபோது கலிலியோ பார்வையை முற்றும் இழந்திருந்தார். தாம் காணவியலாத அந்நூலால், இயற்பியல் பயிலும் பிற்காலத்தார்க்கு அவர் கண் வழங்கினார்.

1712இல் அக்குடும்பத்தின் தொழில் முடிவுற்றது. 1880இல் இராட்டர்டாம் நகரில் தோன்றிய வேறொரு நிறுவனம், பழைய பெயரையும் முத்திரையையும் தனதாக்கிக் கொண்டது. இன்றுள்ள எல்சிவியர் இதுவே. 1947இல் இது உயிர்வேதியியலுக்கென ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கியது. தாமசு வேக்லி 1823இல் இலண்டனில் நிறுவிய ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழும் 1991இல் இதன் உடைமையாயிற்று.

வளர்ச்சியோடு வழக்கும் எழுந்தது. அறிஞர் ஊதியம் பெறாது கட்டுரை வழங்குகின்றனர். பிற அறிஞரும் ஊதியம் பெறாது அவற்றின் தகுதியை ஆராய்கின்றனர். அங்ஙனமிருக்க, நூலகங்கள் தாங்கவொண்ணாத விலையை இதழ்களுக்கு வைத்தல் முறையோ எனப் பலர் வினவினர். 2012இல் கணித அறிஞர் திமோதி கவர்சு இக்குறையை வெளிப்படக் கூறினார். அதன்பின் 10,000க்கும் மேற்பட்ட அறிஞர், இந்நிறுவனத்தோடு ஒத்துழையோம் எனக் கையொப்பமிட்டனர். கட்டுரைகளைத் தேர்ந்து, திருத்தி, பேணிக் காத்தற்குப் பெரும்பொருள் செலவாகின்றது என்பது நிறுவனத்தார் கூறும் விடை.

இருசாரார் உரையிலும் ஓர் உண்மை தெளிவாகின்றது. கொழுகொம்பின்றிக் கொடி படராது. எனினும் கொடி ஈனும் கனி, வேண்டுவோர் கைக்கு எட்டுதல் வேண்டும். அப்பொழுதே கொம்பு நின்றதன் பயன் நிறைவுறும்.