முள்ளியவளைக் கால்களும் மூன்று வழிகளும்

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். அப்போது அவருக்கு வயது 72. தங்கங்கள் 1500 மீற்றர் ஓட்டத்துக்கும் 5000 மீற்றர் வேகநடைக்கும். வெண்கலம் 800 மீற்றருக்கு. எல்லோரும் அவருடைய வயதைச் சொல்லி வியந்தார்கள். எனக்கோ அந்தத் தூரங்கள்மேல்தான் கண். தூரத்துக்கு ஏற்பத் தசை எரிபொருள் தேடும் வழி மாறும்.

தசை சுருங்க அதற்குத் தெரிந்த எரிபொருள் ஒன்றுதான்: ஏ.ரி.பி. உடம்பு முழுவதிலும் அது 100 கிராம்கூடத் தேறாது. முழுவேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். ஆகவே செலவான ஏ.ரி.பியை அந்தந்தக் கணமே திரும்ப ஆக்கியாக வேண்டும். அதற்குத் தசையிடம் மூன்று வழிகள் உண்டு.

மிக விரைவானது கிரியேற்றின் பொசுபேற்று. 1927இல் இதை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மற்றவர் ஹாவர்டில் அவருடன் உழைத்த சைரஸ் ஃபிஸ்க். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓர் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றரை உற்றுப் பாருங்கள். வெடிச்சத்தத்தோடு பாய்கிற பிள்ளை எழுபது மீற்றர் தாண்டியதும் சற்றே தளரும். கையிருப்பு கரைந்துவிட்டது. ஓடி முடித்த பிறகும் நெஞ்சு ஏறி இறங்குவதற்கு ஒரு காரணம், அதை மீள நிரப்ப ஒட்சிசன் தேவைப்படுவது.

அடுத்தது, தசையில் கிடக்கும் கிளைக்கோசனை, அதாவது சேமித்த சர்க்கரையை, ஒட்சிசன் இல்லாமலே உடைப்பது. வேகமான வழிதான், ஆனால் ஊதாரித்தனம்: கிளைக்கோசனின் ஒரு குளுக்கோசிலிருந்து தேறுவது மூன்றே ஏ.ரி.பி. 400 மீற்றரின் கடைசி வளைவில் கால் கல்லாய்க் கனப்பது இந்த வழி உச்சத்தில் ஓடும்போது. மறுநாள் தொடை வலித்தால் ‘இலற்றிக் அமிலம் கட்டிப்போட்டுது’ என்று மைதானத்தில் சொல்வார்கள். பாவம், அதன்மேல் வீண்பழி. ஓடி ஒரு மணி நேரமளவில் அது பெரும்பாலும் இரத்தத்தை விட்டுப் போய்விடும். இதயத் தசை அதையே எரித்து வேலை செய்யும். மறுநாள் வலி, பழக்கமில்லாத உழைப்பில் தசைநார்களுக்கு நேர்ந்த நுண்ணிய சேதத்தால் வருவது.

மூன்றாவது தசைக் கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகளின் வேலை. ஒட்சிசனோடு எரித்தால் அதே குளுக்கோசு முப்பது ஏ.ரி.பி அளவில் தரும். மூன்று வழிகளும் முதல் அடியிலேயே தொடங்கிவிடுகின்றன. வேகத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பப் பங்குதான் மாறும். தேர்ந்த வீரர்களுக்கே 800 மீற்றரில் பாதிக்கு மேல் ஒட்சிசன் வழிதான், 1500இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, 5000 மீற்றர் நடையில் அநேகமாக முழுவதும். வயது போகப்போக மெலிவது விரைவுத் தசைநார்கள். மெதுவானவை பயிற்சி இருந்தால் நின்றுபிடிக்கும். பதக்கத்தின் நிறத்தைப் போட்டியாளர்களும் தீர்மானிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் 72 வயதில் நீண்ட தூரம் கைகொடுத்ததில் உடலியலாளர் எவரும் ஆச்சரியப்படமாட்டார்.

இழைமணிக்குச் சர்க்கரைதான் வேண்டும் என்றில்லை, கொழுப்பும் போதும். கிளைக்கோசன் முழுவதையும் கூட்டினால் அரைக் கிலோ வரும். இரண்டு மணி நேரக் கடும் ஓட்டத்தில் தீர்ந்துவிடும். கொழுப்போ மெலிந்தவர் உடம்பிலும் பல கிலோ இருக்கும். குறை என்னவென்றால் அது மெதுவாகவே எரியும். செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் அடியார்களின் நடைவேகத்துக்கு அது தாராளம். அரோகரா சொல்லிக்கொண்டே மூச்சு முட்டாமல் நடக்க முடிகிறதென்றால் கொழுப்பு நன்றாக எரிகிறது. சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், கால் சர்க்கரைக்குத் தாவிவிட்டது.