கறுப்புப் புள்ளியும் அப்பாவின் கண்ணும்

வானொலியில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தடியில் அந்தத் திறமை எடுபடவில்லை. உயரத்தில் பறக்கும் பருந்தின் குரல் கீழே கேட்டால்தானே!

மார்ச் மாதம். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைப் பார்க்க அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை. என்ன தெரியப்போகிறது என்ற தயக்கம்தான்.

தூரத்தில் எல்லாமே கறுப்புப் புள்ளி. நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம், உருவத்தைப் பாருங்கள். தேன்பருந்துக்குப் புறாவைப் போலச் சின்னத் தலை, நீட்டிய கழுத்து, நீண்ட வால். வட்டமிடும்போது இறக்கையைத் தட்டையாக விரிக்கும். கடல்மேல் தூக்கிவிடும் வெப்பக்காற்று குறைவு. அதனால் சிறகடித்துக் களைத்து வரும், கரையேறியதும் சுழன்று மேலேறும். வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு வால் குட்டை. மிதக்கும்போது இறக்கை மேல்நோக்கித் தூக்கியிருக்கும்.

நான் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இது வேற ஜாதிம்மா, இறக்கை மேல தூக்கியிருக்கு" என்றார் அப்பா, வெறுங்கண்ணால். தோட்டத்தில் கோழிக்குஞ்சுகளைக் காவல் காத்த கண். பார்த்தேன், கடற்கழுகேதான்.

மதியம்வரை அவர் சொல்லச் சொல்ல நான் சரிபார்த்தேன். ஒருமுறை மட்டும் அவர் காட்டியது காகம். அதை அம்மாவிடம் சொல்லக்கூடாதாம்.