கணக்குக்கு ஒரு வெளியூர்க் கிடங்கு

ஆடிக் கிருத்திகை வாரம் எப்படி இருக்கும் என்று திருத்தணிக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் காவடி, கீழே கல்லாவில் நெரிசல். சில ஆண்டுகளுக்கு முன் அந்த வாரத்தில்தான் என் மளிகை மொத்தக் கடையின் கம்ப்யூட்டர் நின்றது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. "பேக்கப் இருக்குதுங்க முதலாளி, பயப்படாதீங்க" என்றார் கணக்கெழுதும் தம்பி. இருந்தது உண்மைதான். அதே மேஜையின் இழுப்பறையில், பென் டிரைவில், நான்கு மாதம் முன்பு எடுத்தது.

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, சோளிங்கர் என்று நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கடைகளுக்கு நேரில் போய், "உங்க சிட்டைப்படி எனக்கு எவ்வளவு பாக்கி?" என்று நானே கேட்க வேண்டி வந்தது. பெரும்பாலோர் நியாயமாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. எவ்வளவு நஷ்டம் என்று கேட்காதீர்கள். கணக்கு இருந்தால்தானே சொல்ல முடியும்.

அதன் பிறகு ஒரு டெக்னீஷியன் தம்பி, பிரதி தானாகவே வெளியூருக்குப் போகும்படி ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஒன்றரை ஆண்டு நன்றாக ஓடியது. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருநாள் அந்தப் பெட்டி பழுதானது. எதை எங்கே எப்படி அமைத்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கிளவுட் கணக்கே அவருடைய ஈமெயிலில்தான் இருந்தது. நல்ல பிள்ளை, போனில் கிடைத்தார், எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். கிடைக்காமல் போயிருந்தால்?

பிரதி எடுப்பது பாதி வேலை. பிரதி எடுக்கும் ஏற்பாட்டையே எழுதி வைத்துக்கொள்வது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கின் கெடு 2024 டிசம்பர் 31. ஆக, 2030 டிசம்பர் 31 வரை அது கையில் இருக்க வேண்டும். அப்பீல் நடந்தால் இன்னும் நீளும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு 57ஆவது விதி வேறு இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. இழுப்பறை பென் டிரைவ் இதற்குப் போதாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த கடைகளில் கம்ப்யூட்டரும் அதன் பக்கத்தில் இருந்த பிரதியும் சேர்ந்தே நனைந்தன.

நம் ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. இங்கே கடையும் அங்கே கிடங்கும் வைத்திருப்பவருக்கு 33 என்று தொடங்கும் பதிவு ஒன்று, 37 என்று தொடங்கும் பதிவு ஒன்று. இரண்டு இடத்துக் கணக்கும் ஒரே பத்திரமான இடத்தில் சேர வேண்டும்.

வாசல் எப்படி வேலை செய்கிறது?

ஸ்டோரேஜ் கேட்வே என்பதைக் கிடங்கு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு வெளியூரில், வாசல் நம் கடையில். கடையின் கம்ப்யூட்டர்களுக்கு அது இன்னொரு டிரைவ் போலத்தான் தெரியும். அதில் போடும் ஃபைல் முதலில் வாசலின் சொந்த டிஸ்க்கில் விழும்; பிறகு இன்டர்நெட் வழியாக, பூட்டுப் போட்டு, வெளியூர்க் கிடங்குக்குப் போகும். நடுவில் லைன் அறுந்தால் வாசலிலேயே காத்திருந்து, லைன் வந்ததும் போகும். பையனுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

அமேசான் நிறுவனம் 2012 ஜனவரியில் இதை அறிமுகப்படுத்தியது. அதன் கிடங்கு மும்பையில் 2016இலும் ஹைதராபாத்தில் 2022இலும் வந்துவிட்டதால், கணக்கு நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. மற்ற கம்பெனிகளும் இதேபோல் தருகின்றன. நான் பழகியதை வைத்துச் சொல்கிறேன். வாசலுக்குத் தனியாக ஒரு நல்ல கம்ப்யூட்டர் தேவை. 16 ஜி.பி. மெமரியும், போகக் காத்திருக்கும் சரக்குக்குக் குறைந்தது 150 ஜி.பி. டிஸ்க்கும் கேட்கிறார்கள். யு.பி.எஸ். கட்டாயம். கரண்ட் போகும்போது இன்னும் போய்ச் சேராத ஃபைல் வாசலில்தான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் டேலி கணக்கையே இந்த டிரைவில் வைத்து நான்கு பேர் எழுத வேண்டாம். அது அதற்கானது அல்ல. கணக்கு கடை டிஸ்க்கில் ஓடட்டும். இரவு கடை சாத்தும்போது எடுக்கும் பேக்கப் மட்டும் வாசலுக்குப் போகட்டும்.

கல்யாண மளிகைப் பட்டியல்

இப்போது அந்த இரண்டாவது பாதிக்கு வருகிறேன். மவுசைத் தட்டித் தட்டி அமைத்தால், தட்டியவர் தலையில்தான் அந்த ஏற்பாடு இருக்கும். அதற்குப் பதிலாக, என்னென்ன வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதி, அதைப் படித்து அமைக்கும் கருவியிடம் கொடுப்பது ஒரு முறை. டெராஃபார்ம் என்பது அப்படி ஒரு கருவி, 2014இல் வந்தது. 2023இல் அதன் லைசென்ஸ் நிபந்தனை மாறியபோது, அதிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற பொதுக் கருவியும் பிரிந்து வந்தது. நமக்கு இரண்டில் எதுவானாலும் சரி.

கல்யாண வீட்டுக்காரர் சமையல்காரரின் பட்டியலோடு நம் கடைக்கு வருகிறார். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நாம் கட்டிக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலை எந்தக் கடையில் கொடுத்தாலும் அதே பந்தி நடக்கும். இந்தக் கருவியும் அதைத்தான் செய்கிறது. என்ன இருக்கிறது என்று பார்த்து, பட்டியலுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சரிசெய்யும். நகரிக் கிடங்கில் இரண்டாவது வாசல் வைத்தபோது, எங்கள் புதிய டெக்னீஷியன் பட்டியலில் பெயரை மாற்றி மறுபடி ஓட்டினார். முதல் தடவை இரண்டு நாள் பிடித்த வேலை அன்று மத்தியானத்துக்குள் முடிந்தது.

எல்லாமே தானாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கடைக் கம்ப்யூட்டரில் வாசலின் மென்பொருளை இறக்கி, டிஸ்க்கை மாட்டுவது கைவேலைதான். அடுத்து, வாசலைக் கிளவுடோடு பதிவு செய்யக் கருவி வாசலை நேரடியாகத் தொட வேண்டும். ஆகவே கடையின் நெட்வொர்க்குக்குள் இருந்து ஓட்ட வேண்டும். "அண்ணே, நான் சென்னையிலிருந்தே ஓட்டிடறேன்" என்று ஒரு தம்பி சொல்லி ஒரு நாள் பூராவும் வீணானது.

ஓட்டுவதற்கு முன் கருவி 'பிளான்' என்று ஒரு முன்னறிவிப்புக் காட்டும். எதைச் சேர்க்கப் போகிறது, மாற்றப் போகிறது, அழிக்கப் போகிறது என்று அதில் இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கப் போகிறேன் என்று வாசலைப் பற்றி அது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். போய்ச் சேராத ஃபைல் வாசலில் நின்றால் அதோடு போய்விடும். டெக்னீஷியன் அதைப் படித்துக் காட்டாமல் 'அப்ளை' தட்ட விடாதீர்கள். நமக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும், எத்தனை அழியும் என்ற எண்ணைப் படிக்க வரும்.

கருவி தான் செய்ததை எல்லாம் 'ஸ்டேட்' என்று ஒரு ஃபைலில் குறித்து வைக்கும். கருவிக்கு அதுதான் பேரேடு. அது தொலைந்தால், எதுவுமே அமைக்கவில்லை என்று கருவி நினைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுகள் அதில் அப்படியே தெரியும் என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. ஒருவருடைய லேப்டாப்பிலும் வைக்காமல் கிளவுடிலேயே பூட்டி வையுங்கள்.

வைரஸ் வந்தால்?

2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். வாசல் ஒரு டிரைவ் போலத் தெரிவதால், அப்படிப்பட்ட வைரஸ் அதிலும் புகும். பூட்டப்பட்ட ஃபைல் கிடங்குக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும்! இதற்குக் கிடங்கில் 'வெர்ஷனிங்' என்ற வசதியைப் போட வேண்டும். பழைய பிரதி அழியாமல் அடியில் நிற்கும். பட்டியலில் நான்கைந்து வரி எழுதினால் போதும். பழைய பிரதிகள் குவிந்தால் பில் ஏறும் என்பதால், எத்தனை நாளைக்குப் பின் கழிக்கலாம் என்றும் எழுதிவிடுங்கள். வைப்பதற்கு, எழுதுவதற்கு, திருப்பி இறக்குவதற்கு என்று தனித்தனியாகக் காசு போடுகிறார்கள். பில் இந்தத் தொகையைத் தாண்டினால் மெசேஜ் வரும்படியும் ஏற்பாடு செய்யலாம்.

யாருக்கு வேண்டாம்?

ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பென் டிரைவ் வாங்கி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று தினம் மாற்றிக்கொண்டால் போதும். மூன்று நான்கு கம்ப்யூட்டர், கிளை, கிடங்கு என்று இருப்பவர்களுக்குத்தான் இது. அவர்களும் கிளவுட் கணக்கை முதலாளியின் சொந்த ஈமெயில், சொந்த மொபைல் நம்பரில்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் கடையில் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது, இன்னொன்று ஆடிட்டரிடம். மாதம் முதல் திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன், கிடங்கிலிருந்து ஒரு பேக்கப்பை இறக்கி வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கியைச் சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறோம். கால் மணி நேர வேலை. ஒரு மாதம் திறக்கவில்லை. வாசலில் டிஸ்க் நிரம்பி ஆறு நாளாக எதுவுமே போகவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.