சிற்றுயிர்களைப் படம்பிடிக்கும் வில்லை

தில்லியில் வாழும் தமிழர் பலருடைய வீட்டுப் பால்கனியில் கறிவேப்பிலைச் செடி ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் அதன் இலைகளை உற்று நோக்குங்கள். பறவையின் எச்சம் போன்ற சிறு புழு அங்கே இருக்கக்கூடும். அது எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். அது வளர்ந்து பச்சை நிறம் பெறும். பின்னர்க் கூட்டுப்புழுவாகி, இறுதியில் சிறகு விரிக்கும். இவ்வளர்ச்சியைப் படம்பிடிக்க விரும்புவோர் எவ்வகை வில்லையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

சாதாரண வில்லை மிக அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. விலகி நின்றால் புழு படத்தில் புள்ளியாகச் சுருங்கிவிடும். இக்குறையைப் போக்குவது மேக்ரோ வில்லை. இவ்வகை வில்லைகளுள் பெரும்பாலானவை 1:1 உருப்பெருக்கம் தரும். அதாவது, 2 செ.மீ. நீளமுள்ள புழுவின் பிம்பம் கேமராவின் உணரி மீதும் 2 செ.மீ. நீளத்திலேயே விழும். உணரியின் அகலம் 36 மி.மீ. எனில், புழு படத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்.

அவ்வாறாயின், எந்த மேக்ரோ வில்லையையும் வாங்கலாமா? அதன் குவியத் தொலைவையும் கருத வேண்டும். 1:1 அளவில் படமெடுக்க, 60 மி.மீ. வில்லையின் முன்பக்கம் உயிரினத்திற்கு 10 செ.மீ. அல்லது அதனினும் குறைந்த தொலைவில் இருக்க வேண்டும். 100 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 15 செ.மீ., 180 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளி கிடைக்கும். மூன்றிலும் பிம்பத்தின் அளவு ஒன்றே. உயிரினத்திற்கு நாம் விடும் இடைவெளியே வேறு.

அவ்விடைவெளியே தேர்வுக்கு அடிப்படை. இலையை மேயும் புழு விரைந்து ஓடாது. அதற்கு 60 மி.மீ. போதும். தெற்குத் தில்லியின் அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயம் போன்ற இடங்களில், எருக்கஞ்செடியை நாடி வரும் வெந்தய வரியன் நம் நிழல் பட்டாலே பறந்துவிடும். வண்ணத்துப்பூச்சி, தட்டான் முதலியவற்றுக்கு 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வில்லையே ஏற்றது. 180 மி.மீ. வில்லை எடையும் விலையும் மிகுந்தது. ஆகவே, முதன்முதலாக வாங்குவோர்க்கு 100 மி.மீ. வில்லை பொருத்தமானது.

செலவைக் குறைக்க விரும்புவோர், கேமராவுக்கும் சாதாரண வில்லைக்கும் இடையே நீட்டிப்புக் குழாயைப் பொருத்தலாம். அதனுள் கண்ணாடி இல்லை. வில்லையை உணரியிலிருந்து சற்று விலக்குவதால், அண்மைப் பொருளும் தெளிவாகத் தெரியும்.

வில்லையைப் போலவே நேரமும் முக்கியம். வண்ணத்துப்பூச்சி வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே நன்கு பறக்கும். ஆதலால் குளிர்ந்த காலை வேளையில் அது அசையாது அமர்ந்திருக்கும். அதனைக் கையால் பிடித்தல் கூடாது. சிறகின் நுண்ணிய செதில்கள் உதிர்ந்துவிடும். நாம் படமெடுத்துத் திரும்பிய பின்னும் அது அதே கிளையில் அமைதியாக இருக்குமானால், நாம் தேர்ந்த வில்லை சரியானதே.

சொற்பொருள்
வில்லை – லென்ஸ்
உணரி – கேமராவினுள் ஒளியைப் பதிவு செய்யும் பகுதி
பிம்பம் – வில்லை உண்டாக்கும் உருவம்
எச்சம் – பறவையின் கழிவு

வினாக்கள்
1. 1:1 உருப்பெருக்கம் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வெவ்வேறு வில்லைகள் ஏற்றவையாவது ஏன்?
3. உன் வீட்டருகே காணும் சிற்றுயிர் ஒன்றைப் படமெடுக்க எந்த வில்லையைத் தேர்வாய்? காரணம் கூறுக.