காற்றாடிமலைப் புனிதரும் வடக்கன்குளத்துச் சுவரும்

ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் ‘மணியடிச்சான் பாறை’ என்றொரு பாறை உண்டு. கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கும். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட வேளையில் அது மேலிருந்து பெயர்ந்து விழுந்தது என்பது மக்கள் மரபு. அந்த மலை இன்று கத்தோலிக்கத் திருத்தலம்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்தவர். குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் அதே அரசின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் வழியே கிறித்தவத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராது எல்லோரும் சமம் எனப் போதித்ததால் ஆதிக்கச் சாதியினரின் பகைக்கு ஆளானார் என்கிறது திருச்சபை. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது ‘பிள்ளை’ என்னும் பின்னொட்டு நீக்கப்பட்டிருந்தது. அதற்காகக் குரல் கொடுத்தோரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. அவ்வூர்த் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிள்ளை, முதலியார் கிறித்தவர்கள் ஒருபுறமும், நாடார் உள்ளிட்ட பிறர் மறுபுறமும் வழிபட்டனர். தடுப்பு அகற்றப்பட்டதும் ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் சென்றனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1917 சென்னை 431) சென்னை உயர் நீதிமன்றம் சாதி அடிப்படையிலான அவர்களது உரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

சாதிச் சலுகையை மறுத்த அத்தீர்ப்பு சரியே. மதம் மாறியவர் சாதிப் பெருமையை உரிமையாகக் கோர முடியாது. ஆனால் மதம் மாறியவரைச் சாதிக் கொடுமையும் விட்டுவிடும் என்று கொள்வதற்கு அது ஆதாரமாகாது. 1950ஆம் ஆண்டு அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3ஆம் பத்தி அப்படித்தான் கொள்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை வரையறுத்த அப்பத்தியில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர் தொடுத்த சூசை வழக்கில் (1985), மதமாற்றத்துக்குப் பின்னும் சாதி நீடிப்பதைக் காட்டினால் மட்டும் போதாது, அதன் இழிநிலைகள் அதே கடுமையுடன் தொடர்வதற்குச் சான்று வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சுவர் எழுப்பி வழிபட்ட ஊர்கள் அச்சான்றின் தொடக்கம். தனிக் கல்லறைகளும், தேர் வராத தெருக்களும் அதன் தொடர்ச்சி. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. புனிதர் பட்டம் வழங்கப்பட்ட அதே 2022இன் அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது.

திருச்சபை ஒரு பெயரிலிருந்து சாதியை நீக்கியது. தன் கல்லறைத் தோட்டங்களிலிருந்தும் அது சாதியை நீக்கட்டும். அரசு 3ஆம் பத்தியை நீக்கட்டும். இவ்விரண்டையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க இரு தரப்புக்கும் இடமளிக்கலாகாது.