கழுத்துக் குழாயும் கட்டிங் கணக்கும்

எஸ், எம், எல், எக்ஸ்எல், ‘ஒண்ணுக்கு ரெண்டு ரெண்டு ஒண்ணு’ என்று ஆர்டர் வந்தால் போதும். எத்தனை கிலோ துணி, எத்தனை லே (துணி அடுக்கு), எத்தனை டஜன் என்று அப்பா பென்சில் எடுக்காமலே சொல்லிவிடுவார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங் மேசையில் நிற்பவள். அவர் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் தப்பியது. ஒரே ரேஷியோவை மூன்று தடவை கேட்டார். “வயசாச்சு கண்ணு” என்றார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, நாங்களும் நம்பிவிட்டோம். ஒரு காலையில் இடது கண் இருண்டு, ஐந்து நிமிஷத்தில் தெளிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாப்ளர் ஸ்கேனில் இடது கழுத்துத் தமனி 80 சதவீதம் அடைத்திருந்தது.

தொண்டைக்கு இரு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தக் குழாய்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சாயப்பட்டறை பாய்லர் குழாயில் உப்புப் படிவதுபோல இந்தத் தமனியில் கொழுப்பு படிகிறது. ரத்தம் குறைகிறது, படிவின் துணுக்குகள் உடைந்து மேலே போய் நுண்குழாய்களை அடைக்கின்றன. பீடி, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால்தான் முக்கியக் காரணங்கள். ஷிப்மெண்ட் நெருங்கினால் அப்பா பிரஷர் மாத்திரையையே மறந்துவிடுவார்.

கழுத்துத் தமனி அடைப்பால் மறதியும் வரலாம் என்று கனடா மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1951-லேயே எழுதினார். 2004-ல் அமெரிக்காவில் வலதுகைப் பழக்கமுள்ள 4,006 முதியவர்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பக்கவாதமே வராத அவர்களிலும், இடது தமனி கடுமையாகச் சுருங்கியிருந்தால் அறிவுத்திறன் குறைந்திருந்தது. பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது இடது மூளை. அப்பாவுக்கு ரிப், இண்டர்லாக் என்ற துணி ரகங்களின் பெயர்களே நாக்கில் வராமல் நின்றதன் காரணம் இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அறுவை சிகிச்சையில் படிவை எடுத்தார்கள். கணக்கு திரும்புமா என்று கேட்டேன். “இது பக்கவாதத்தைத் தடுக்கத்தானுங்க. ஞாபகம் திரும்பும்னு வாக்குக் குடுக்க முடியாது” என்றார் டாக்டர். உண்மையைச் சொன்னார். கண் மறுபடி இருளவில்லை. அப்பா இப்போது நோட்டில் எழுதிக் கணக்குப் போடுகிறார். முன்பிருந்த வேகம் வரவில்லை.

எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். பிரஷரோ சுகரோ பீடியோ உள்ள வீட்டுப் பெரியவருக்குக் கணக்கு தடுமாறினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கண் இருண்டாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, தானே தெளிந்துவிட்டாலும் சரி, அந்த நிமிஷமே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.